டிப் பவுடர் நகம் முதல்முறை போடுகிறவர்களுக்கு: டப்பாவுக்குள் விரலை விடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சாதாரண நெயில் பாலிஷ் நாலு நாள் பாத்திரம் தேய்த்தால் உரிந்துவிடும். ஜெல் பாலிஷை இறுக வைக்கப் புற ஊதா விளக்கு வேண்டும். டிப் பவுடர் என்பது நகத்தில் பசை தடவி, நிறப் பவுடர் டப்பாவில் விரலை முக்கி எடுக்கும் முறை. இதற்கு விளக்கும் வேண்டாம், போட்டால் இரண்டு மூன்று வாரம் அப்படியே இருக்கும். கல்யாணம், வளைகாப்பு, வெளியூர்ப் பயணம் என்று வரும்போது பலரும் இதைத் தேடுவதற்கு இதுதான் காரணம். பார்லரிலும் போடலாம், ஆன்லைனில் கிட் வாங்கி வீட்டிலும் போடலாம்.

நான் ஒரு கல்யாண சீசனில் பார்லரில் போட்டுக்கொண்டேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் விரல் போன அதே டப்பாவுக்குள் என் விரலையும் விடச் சொன்னார்கள். அப்புறம் நகச்சுற்று, ஆன்டிபயாடிக், நெம்பிக் கழற்றியதால் காகிதம் போல் மெலிந்துபோன நகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. நகச்சுற்று டப்பாவால் வந்ததா, தோலை வெட்டிய கருவியால் வந்ததா என்று சொல்ல முடியாது. இரண்டையுமே தவிர்த்திருக்கலாம் என்பது மட்டும் நிச்சயம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வரிசையாகப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

1. முதலில் உங்கள் நகத்தைப் பாருங்கள்

இப்போது போட்டிருக்கும் பாலிஷை முழுவதும் எடுத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் பத்து நகத்தையும் பாருங்கள். மஞ்சளாகத் தடித்திருக்கிறதா? ஓரத்தில் தோலை விட்டுத் தூக்கிக்கொண்டிருக்கிறதா? நகத்தைச் சுற்றிச் சிவந்து, தொட்டால் வலிக்கிறதா? மருக்கள் இருக்கிறதா? இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் இப்போது போடாதீர்கள். மேலே பூசி மூடிவிட்டால் உள்ளே நடப்பது தெரியாது. ஈரமும் காற்றில்லாத இடமும் கிருமிக்கு வசதி. நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு ஒன்று வந்து அகலமாகிக்கொண்டே போனால், அதைத் தோல் மருத்துவரிடம் காட்டிய பிறகுதான் வேறு எதுவும். நம் நிறத்தவர்களுக்கு இப்படிப்பட்ட கோடுகள் சகஜம், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனாலும் மூடி மறைக்கக் கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், சொரியாசிஸ் உள்ளவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முதல் இரு வகையினருக்குச் சின்னக் கீறல்கூட ஆறத் தாமதமாகலாம், சொரியாசிஸ் உள்ளவர்களுக்குக் கீறல் பட்ட இடத்திலேயே அது கிளம்பலாம்.

அறுவை சிகிச்சைக்கோ பிரசவத்துக்கோ தேதி குறித்திருந்தால் தள்ளிப்போடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் நகத்தின் வழியாகத்தான் ஒளியைச் செலுத்திப் பார்க்கிறது. அடர்ந்த நிறம் அதன் அளவைக் குழப்பலாம். மருத்துவமனையில் கழற்றச் சொல்வார்கள், அந்த நேரத்தில் அரை மணி நேரம் அசிட்டோனில் (இதைக் கரைத்து எடுக்கும் திரவம்) விரலை வைத்துக்கொண்டு உட்கார முடியாது. நர்ஸ், லேப் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று: நோயாளியை நேரடியாகக் கவனிப்பவர்கள் செயற்கை நகம் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் கைச்சுத்த வழிகாட்டுதல் சொல்கிறது. பல மருத்துவமனைகள் டிப் பவுடரையும் அதே கணக்கில்தான் சேர்க்கின்றன. வேலை இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பிராண்ட் எதுவானாலும் சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலில் பூசும் பேஸ் கோட் என்பது சயனோஅக்ரிலேட் பசை. ஃபெவிக்விக் எந்தக் குடும்பமோ இதுவும் அதே குடும்பம். பவுடர் என்பது பொடியாக்கிய அக்ரிலிக் பிளாஸ்டிக்கும் நிறமியும், கொஞ்சம் பென்சாயில் பெராக்சைடும் சேர்ந்தது. ஈரப் பசையில் பவுடர் ஒட்டி ஒரு படலமாகிறது. மேலே ஆக்டிவேட்டர் என்ற திரவம் தடவினால் பசை சட்டென்று இறுகுகிறது. கடைசியில் பூசும் டாப் கோட்டும் சயனோஅக்ரிலேட்தான்.

இதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் பாதிப் பிரச்சினைகளுக்குக் காரணம் புரிந்துவிடும். ஆக்டிவேட்டர் பட்ட பிரஷ் பேஸ் கோட் பாட்டிலுக்குள் போனால் பாட்டிலே இறுகிவிடும். ஆக்டிவேட்டர் காயும் முன் டாப் கோட் பூசினால் திரிதிரியாக வரும்.

"கெமிக்கலே கிடையாது, கால்சியமும் வைட்டமினும் சேர்த்தது, நகத்துக்கு நல்லது" என்று விற்பார்கள். நம்பாதீர்கள். வெளியே தெரியும் நகத் தட்டு உயிரில்லாத கெரட்டின். அதன் மேல் வைட்டமினைப் பூசி வளர்க்க முடியாது. விளக்கு வேண்டாம் என்பதால் புற ஊதாக் கதிர் படாது, அது உண்மை. அதற்காக இது மருதாணி மாதிரி ஆகிவிடாது.

முன்பு ஜெல்லோ அக்ரிலிக் நகமோ போட்டு அரிப்பு வந்தவர்கள், பல்லுக்கு அக்ரிலிக் வைத்து வாய் புண்ணானவர்கள், பென்சாயில் பெராக்சைடு உள்ள முகப்பரு கிரீம் ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். அக்ரிலேட் (இந்தப் பசை, அக்ரிலிக் எல்லாம் சேர்ந்த குடும்பம்) அலர்ஜி ஒருமுறை வந்துவிட்டால் பொதுவாக ஆயுள் முழுக்க இருக்கும். பல் அடைப்பு, எலும்பு அறுவை சிகிச்சையில் பயன்படும் சிமெண்ட் எல்லாம் இதே குடும்பம் என்பதால் பின்னால் சிகிச்சைகளிலும் அது குறுக்கே வரும். அமெரிக்கத் தொடுதோல் அழற்சி மருத்துவர் சங்கம் 2012ஆம் ஆண்டின் அலர்ஜிப் பொருளாகத் தேர்ந்தெடுத்தது அக்ரிலேட்களைத்தான்.

3. பார்லருக்கு முதலில் போன் செய்யுங்கள்

நேரில் போய் உட்கார்ந்துவிட்டால் எழுந்து வர நமக்குச் சங்கடமாக இருக்கும். அதனால் போனிலேயே கேட்டுவிடுங்கள். இந்த நாலு கேள்வி போதும்.

"பவுடரை டப்பாவில் முக்குவீங்களா, மேலே தூவுவீங்களா?"

"கருவிகளை ஆட்டோகிளேவில் வைக்கிறீங்களா?" (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் பெட்டி.)

"ஃபைலும் பஃபரும் புதுசா எடுப்பீங்களா? நான் கொண்டுவந்தா பயன்படுத்துவீங்களா?" (ஃபைல் நகத்தை ராவ, பஃபர் பளபளப்பைத் தேய்த்து எடுக்க.)

"கழற்றுவதற்குத் தனிக் கட்டணமா? எவ்வளவு?"

கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நான் விசாரித்த இடங்களில் போடுவதற்கு ஏறத்தாழ ₹1,200 முதல் ₹2,500 வரை, கழற்ற மேலும் சில நூறு ரூபாய் என்று சொன்னார்கள். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். டிசைன், கல் ஒட்டுவது, நீளம் சேர்ப்பது எல்லாம் தனிக் கணக்கு. போடும் செலவையும் கழற்றும் செலவையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும். கழற்றப் பணம் மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பலர் வீட்டில் பிய்த்து நகத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

நேரமும் கேளுங்கள். நிதானமாகச் செய்தால் பத்து விரலுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். "அரை மணியில் முடிச்சுடலாம் மேடம்" என்றால் நகத்தைச் சுத்தம் செய்வதிலோ கருவிகளைச் சுத்தம் செய்வதிலோ குறைக்கிறார்கள் என்று அர்த்தம். முகூர்த்த நாளுக்கு முந்தின மாலை போகாதீர்கள். கூட்டத்தில் எந்தக் கருவியும் கிருமிநாசினியில் முழு நேரம் ஊறாது. வாரநாளில் காலை முதல் ஆளாகப் போவது நல்லது.

4. நாற்காலியில் உட்கார்ந்ததும் கவனிக்க வேண்டியது

இந்தக் கட்டுரையில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பகுதியைப் படியுங்கள்.

முதல் விஷயம் டப்பா. ஒரே டப்பாவில் காலையிலிருந்து எத்தனை பேரின் விரல் போயிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு விரலிலிருந்தும் தோல் துணுக்கு, ஃபைல் செய்த தூள், க்யூட்டிகிள் (நகத்தின் வேர்ப்பக்கத் தோல் விளிம்பு) கீறியிருந்தால் ஒரு துளி ரத்தம்கூட அதில் விழலாம். மேலே தங்கியதைக் கலக்கி மூடி வைத்துவிடுவார்கள். அடுத்தவர் விரல் அதற்குள் போகும்.

கேட்டால் வரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "பவுடர் டிரைதானே மேடம், அதுல கிருமி வளராது." வளராது என்பது ஓரளவு சரி, கிருமி பெருக ஈரம் வேண்டும். ஆனால் வளராமலேயே உயிரோடு கிடக்க முடியும். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த இடத்தில்கூட, குறைந்தது 7 நாள் தொற்றும் திறனோடு இருக்கும். நகப் பூஞ்சை உதிர்ந்த தோல் செதிலில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பவுடரைக் கழுவவும் முடியாது, ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்யவும் முடியாது. ஒருமுறை அழுக்கானால் அந்த டப்பா தூக்கிப்போட வேண்டியதுதான், அப்படித் தூக்கிப்போடும் கடைக்காரரை நான் பார்த்ததில்லை.

இதற்கு மாற்று வழி மிகச் சுலபம். உங்களுக்கு வேண்டிய அளவு பவுடரைச் சுத்தமான ஸ்பூனால் ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, அதை நகத்தின் மேல் தூவலாம். கீழே சிந்தியது திரும்ப டப்பாவுக்குள் போகக் கூடாது, குப்பைக்குப் போக வேண்டும். அல்லது அந்தக் கிண்ணத்திலேயே உங்கள் விரலை மட்டும் முக்கி, மீதியைக் கொட்டிவிடலாம். அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் அகாடமியும் தனிக் கிண்ணம் கேளுங்கள், இல்லையென்றால் பவுடரைப் பிரஷால் பூசச் சொல்லுங்கள் என்றுதான் அறிவுறுத்துகிறது. நான் இப்போது சொல்வது இவ்வளவுதான்: "டப்பாவுல விரலை விட வேண்டாம்மா. ஸ்பூன்ல எடுத்து இந்தக் கிண்ணத்துல போட்டுக்குங்க, வீணாகிற பவுடருக்குக் காசு சேர்த்துக் கொடுத்துடறேன்." காசு பேச்சு வந்ததும் தயக்கம் போய்விடும். சென்னையில் பல பார்லர்களில் வேலை செய்பவர்கள் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். தமிழ் புரியாவிட்டால் கையில் ஒரு சின்னக் கிண்ணம் கொண்டுபோய் நீட்டுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். அவர்களிடம் கோபப்படுவதில் பயனில்லை. டப்பா விதியைப் போட்டது முதலாளி.

முடியாது என்றால் எழுந்துவிடுங்கள். சங்கடம் ஐந்து நிமிடம்தான்.

இரண்டாவது, பாட்டிலில் இருக்கும் பேஸ் கோட் பிரஷ். அதுவும் எல்லோர் நகத்தையும் தொட்டுவிட்டுப் பாட்டிலுக்குள் போகிறது. நெயில் பாலிஷிலும் இதே கதைதான், முழுவதுமாகத் தவிர்க்க வழியில்லை. அதனால்தான் தோல் கிழியாமல் இருப்பது அவ்வளவு முக்கியம். க்யூட்டிகிள் என்று சொல்கிற, நகத்தின் வேர்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல் விளிம்பு, வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகாமல் அடைத்து வைத்திருக்கும் மூடி. அதை வெட்டச் சொல்லாதீர்கள். "தள்ளினா போதும், வெட்ட வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்காமலே நிப்பரை (தோல் வெட்டும் சின்னக் கருவி) கையில் எடுப்பார்கள், கவனமாக இருங்கள். ரத்தம் வந்துவிட்டால் அன்றைக்கு அந்த விரலில் மேற்கொண்டு எதுவும் வேண்டாம்.

மூன்றாவது, கருவிகள். உலோகக் கருவிகள் ஆட்டோகிளேவில் 121 டிகிரி வெப்பத்தில், அழுத்தத்தில், 15 முதல் 30 நிமிடம் இருந்தால்தான் கிருமி நீக்கம் முழுமை. சீல் வைத்த உறையிலிருந்து உங்கள் கண் முன்னால் கிழித்து எடுக்க வேண்டும். அந்த உறையில் ஒரு குறி இருக்கும், வெப்பம் பட்டால் நிறம் மாறும். அதைப் பாருங்கள். நீல விளக்கு எரியும் பெட்டிக்குள் வைத்திருப்பதைக் காட்டி "ஸ்டெரிலைஸ் பண்ணது" என்பார்கள். அது சுத்தம் செய்த கருவியை வைக்கும் அலமாரி மட்டுமே, ஒளி படாத பக்கத்தில் ஒன்றும் நடக்காது. டெட்டால் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பதும் போதாது. கிருமிநாசினியில் ஊறவைப்பதானால், முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, பிறகு கிருமிநாசினியின் லேபிளில் சொன்ன நேரம் முழுதும், பெரும்பாலும் 10 நிமிடம், மூழ்கியிருக்க வேண்டும்.

அட்டை ஃபைல், பஃபர் கட்டை, மரக்குச்சி மூன்றையும் சுத்தம் செய்யவே முடியாது. ஒருவருக்கு ஒன்றுதான். வெள்ளைத் தூள் படிந்த பஃபரைப் பார்த்தால் அது உங்களுக்கு முன்னால் யாரோ ஒருவரின் நகம். இவற்றை நீங்களே வாங்கி ஒரு சின்னப் பையில் வைத்துக் கொண்டுபோவதுதான் எனக்குத் தெரிந்த நிம்மதியான வழி. ஃபைல், பஃபர், குச்சி, கிண்ணம், ஸ்பூன் எல்லாம் சேர்த்து ₹300க்குள் முடிந்துவிடும்.

5. வரிசை மாறாமல் நடக்கிறதா என்று பாருங்கள்

கை கழுவுதல் முதலில். உங்கள் கையும் அவர்கள் கையும். சோப்பும் தண்ணீரும் வேண்டும், கையுறை போட்டால் புதிதாகப் போட வேண்டும்.

பிறகு நகத்தின் பளபளப்பை மட்டும் எடுக்கும் அளவுக்கு லேசாக பஃப் செய்வார்கள். டிரில் வைத்து அரைக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நகம் சூடாவதுபோல் உணர்ந்தால் அளவுக்கு மீறிப் போய்விட்டது. தூளைத் துடைத்து, எண்ணெய்ப் பசையை எடுக்கும் திரவம் தடவுவார்கள்.

அடுத்து பேஸ் கோட், உடனே பவுடர், சில நொடி கழித்து அதிகப் பவுடரை மெல்லிய பிரஷால் தட்டிவிடுவது. இதே சுற்று இரண்டு அல்லது மூன்று முறை. பேஸ் கோட் தோலைத் தொடவே கூடாது, ஒரு மயிரிழை இடைவெளி விட வேண்டும். தோலில் வழிந்தால் இரண்டு தொந்தரவு: அலர்ஜிக்கு அங்கேதான் வழி திறக்கிறது, சில நாளில் அந்த ஓரம் தூக்கிக்கொண்டு ஈரம் உள்ளே இறங்குகிறது. வழிந்ததைக் காயும் முன் மரக்குச்சியால் துடைக்கச் சொல்லுங்கள்.

ஆக்டிவேட்டர், ஒன்றிரண்டு நிமிடக் காத்திருப்பு, ஃபைல் செய்து வழவழப்பாக்குவது, மறுபடி ஆக்டிவேட்டர். அது முழுதும் காய்ந்த பிறகு டாப் கோட் இரண்டு முறை. ஃபைல் செய்யும்போது தூள் பறக்கும். என்95 மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். ஜன்னல் இல்லாத ஏசி அறையில் ஆஸ்துமா உள்ளவர்கள் உட்கார வேண்டாம்.

கிளம்பும் முன் ஒரு வேலை: பேஸ், ஆக்டிவேட்டர், டாப் கோட், பவுடர் நாலின் லேபிளையும் முன்னும் பின்னும் போனில் படம் எடுங்கள். பில்லையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்று 9ஆம் பகுதியில் சொல்கிறேன்.

6. வீட்டில் போடுவதாக இருந்தால்

சுத்தத்தைப் பொறுத்தவரை வீடுதான் மேல், ஏனென்றால் டப்பாவில் போவது உங்கள் விரல் மட்டும். அக்கா தங்கை, தோழிகள் எல்லாம் சேர்ந்து போட்டால் அந்த நன்மை போய்விடும். வீட்டிலும் ஸ்பூனும் கிண்ணமும் வைத்துக்கொள்ளுங்கள்.

கிட் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் அழகுசாதனப் பொருளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, பேட்ச் எண், எப்போது வரை பயன்படுத்தலாம், உள்ளடக்கப் பொருள்கள் இருக்க வேண்டும். இங்கேயே தயாரித்ததென்றால் தயாரிப்பு உரிம எண்ணும், இறக்குமதி என்றால் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்க வேண்டும். வேற்று மொழி எழுத்து மட்டும் இருக்கும் மலிவு கிட்டைத் தொடாதீர்கள். நாளை கை புண்ணானால் உள்ளே என்ன இருந்தது என்று யாரிடமும் கேட்க முடியாது.

வீட்டில் செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெரிய ஆபத்து பஞ்சு. சயனோஅக்ரிலேட் பசை பஞ்சிலோ காட்டன் துணியிலோ கொட்டினால் வேதிவினையில் கடுமையாகச் சூடேறும், புகைகூட வரும். தோல் வெந்துவிடும். பசை சிந்தினால் பஞ்சை எடுத்துத் துடைக்காதீர்கள். மடியில் காட்டன் சுடிதார் மேல் பாட்டிலை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். மேசையில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து வையுங்கள். துணியில் கொட்டிவிட்டால் துணியை உடம்பிலிருந்து விலக்கித் தூக்கிப் பிடித்து, நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள்.

விரலோடு விரல் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவிக்கொண்டே கண் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், அசிட்டோன் பக்கமே போகக் கூடாது. இந்தப் பசை பாட்டில்கள் சில கண் சொட்டு மருந்து பாட்டில் அளவில்தான் இருக்கும். பாட்டி தாத்தா இருக்கும் வீட்டில் மருந்து டப்பா பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

பிரஷ் இறுகாமல் இருக்க: ஆக்டிவேட்டர் பூசிய பிறகு நகத்தைத் தொட்டுப் பார்த்து, முழுதும் காய்ந்த பின் டாப் கோட்டை எடுங்கள். ஒவ்வொரு நகத்திலும் இரண்டு மூன்று இழுப்போடு நிறுத்துங்கள். பிரஷைக் காட்டன் அல்லாத, நூல் உதிராத துணியில் துடைத்த பிறகே பாட்டிலுக்குள் விடுங்கள். மூடி மாறிவிடாமல் பாருங்கள், மூன்று பாட்டிலும் ஒரே மாதிரி இருக்கும்.

7. அடுத்த இரண்டு மூன்று வாரம்

பாத்திரம் கழுவ, துணி துவைக்க ரப்பர் கையுறை. மஞ்சள்தூள் கறை வெளிர் நிற நகத்தில் பிடித்துக்கொள்ளும். ரசம் சாதம் பிசைந்து சாப்பிடுகிறவர்கள் வெள்ளை, இளஞ்சிவப்பு நிறங்களைத் தவிர்ப்பது நல்லது. நகத்தைக் குட்டையாக வைத்துக்கொண்டால் அடியில் சோறும் மாவும் தங்காது. கை கழுவும்போது நகத்தின் அடிப்பக்கத்தையும் மென்மையான பிரஷால் தேய்த்துக் கழுவித் துடையுங்கள்.

ஓரம் தூக்கினால் பசை வைத்து ஒட்டாதீர்கள். தூக்கிய இடத்துக்குள் போன தண்ணீர் வெளியே வராது. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அங்கே வளர்ந்து நகம் பச்சையாகிவிடும். அந்த விரலை மட்டும் கழற்றிவிடுங்கள். மற்றபடி நன்றாக இருந்தாலும் மூன்று வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். வேர்ப்பக்கத்தில் இடைவெளி பெரிதாகி, நுனி எங்காவது இடித்தால் நகத்தோடு சேர்த்துப் பிளக்கும்.

8. கழற்றுவது

நகம் கெடுவது பெரும்பாலும் போடும்போது நடப்பதில்லை, கழற்றும்போதுதான் நடக்கிறது. இதற்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சாதா ரிமூவர் பலவற்றில் அசிட்டோன் இருக்காது. அது வேலை செய்யாது. சுத்தமான அசிட்டோன் என்று கேட்டு வாங்குங்கள். முதலில் மேலே பளபளவென்று இருக்கும் டாப் கோட்டை ஃபைலால் தேய்த்து மங்கலாக்க வேண்டும். இதைச் செய்யாமல் எவ்வளவு ஊறவைத்தாலும் உள்ளே இறங்காது. சுற்றியுள்ள தோலில் வாசலின் தடவுங்கள். சின்னப் பஞ்சை அசிட்டோனில் நனைத்து நகத்தின் மேல் மட்டும் வைத்து, சமையலறை அலுமினியத் தாளால் சுற்றுங்கள். (இறுகிப்போன பசையோடு பஞ்சு சூடாகாது, திரவப் பசையோடுதான் ஆபத்து.) 15 நிமிடம் கழித்து ஒரு விரலைப் பிரித்துப் பாருங்கள். தானாக நழுவி வந்தால் மரக்குச்சியால் தள்ளுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் புதிதாக நனைத்து இன்னும் 5, 10 நிமிடம். உலோகக் கருவியால் சுரண்ட வேண்டாம், பல்லால் கடித்து உரிக்க வேண்டாம். உரிந்து வருவது பவுடர் மட்டும் என்று நினைப்போம், நகத்தின் மேல் அடுக்கும் கூடவே வரும். அது வளர்ந்து சரியாவதற்கு ஆறு மாதம் ஆகும்.

அசிட்டோன் மிக எளிதில் தீப்பிடிக்கும், அதன் ஆவியும்கூட. சமையலறையில் செய்யாதீர்கள். பூஜை விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி எதுவும் அறையில் எரியக் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். முடிந்ததும் கை கழுவி, நகத்திலும் சுற்றிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். அடுத்தது போடும் முன் இரண்டு வாரமாவது நகத்தை வெறுமனே விடுங்கள். அப்போதுதான் கீழே என்ன நடந்திருக்கிறது என்று கண்ணில் படும்.

9. ஏதாவது ஆகிவிட்டால்

நகத்தைச் சுற்றி வீங்கி, விண்விண் என்று தெறித்து வலித்தால் நகச்சுற்று. ஆரம்ப நிலையில் தினம் மூன்று நாலு முறை வெதுவெதுப்பான தண்ணீரில் விரலை வைத்தால் பலருக்கு அடங்கும். எலுமிச்சம்பழத்தை விரலில் செருகிக்கொண்டு நாட்களைக் கடத்தாதீர்கள். சீழ் தெரிந்தாலோ, சிவப்பு விரலில் மேலேறினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். சீழை ஊசியால் நீங்களே குத்தக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆரம்பத்திலேயே போய்விடுங்கள்.

விரல் நுனி அரித்து, வறண்டு வெடித்தால் அலர்ஜியாக இருக்கலாம். கண் இமையிலும் கழுத்திலும் தடிப்பு வருவதுண்டு, நகத்தால் தொடும் இடங்கள் அவை. முகத்துக்குப் போட்ட கிரீமைச் சந்தேகப்பட்டு மாதக்கணக்கில் அலைபவர்கள் இருக்கிறார்கள். பவுடரைக் கழற்றிவிட்டுத் தோல் மருத்துவரிடம் போகும்போது நீங்கள் எடுத்து வைத்த லேபிள் படங்களையும் பில்லையும் கொண்டுபோங்கள். பல கம்பெனிகள் தங்கள் பொருளுக்குப் பாதுகாப்புத் தரவுத் தாள் வைத்திருக்கும், மின்னஞ்சலில் கேட்டால் அனுப்புவார்கள். எந்தப் பொருள் காரணம் என்று கண்டுபிடிக்கும் பேட்ச் டெஸ்ட்டுக்கு முதுகில் பட்டைகளை ஒட்டி 48 மணி நேரம் வைப்பார்கள். அதை எடுத்த பின் ஒருமுறை, இரண்டு நாள் கழித்து இன்னொருமுறை பார்ப்பார்கள். அதாவது ஒரே வாரத்தில் மூன்று முறை போக வேண்டியிருக்கும், முதுகில் தண்ணீர் படக் கூடாது, வியர்க்கக் கூடாது. கத்திரி வெயிலில் தேதி வாங்காதீர்கள், லீவும் அதற்கேற்பப் போடுங்கள். என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள், சில மருந்துகள் முடிவை மறைத்துவிடும்.

நகம் மஞ்சளாகித் தடித்தால் பூஞ்சையாக இருக்கலாம். மருந்துக் கடையில் ஏதோ ஒரு களிம்பை வாங்கிப் பூசிவிட்டு அப்புறம் டாக்டரிடம் போகாதீர்கள். களிம்பு போட்டுவிட்டால் பரிசோதனையில் பூஞ்சை தெரியாமல் போகலாம். நகத்தைச் சுரண்டி எடுத்து லேபுக்கு அனுப்பி உறுதி செய்த பிறகுதான் மாத்திரை. கை நகத்துக்குப் பொதுவாக ஆறு வாரம் சாப்பிட வேண்டும், சில மாத்திரைகளுக்கு ஈரல் பரிசோதனையும் கேட்பார்கள். மாத்திரை முடிந்தாலும் பழைய நகம் முழுதும் வளர்ந்து வெளியேற ஆறு மாதம் ஆகும். அதுவரை அந்த விரலில் பாலிஷ்கூட வேண்டாம்.